வீட்டுக்குக் காற்றாலை கட்டுப்படியாகுமா? ஹப்புத்தளைப் பக்கம் ஓராண்டு காற்றளந்த பதிவு

ஆடி மாதம் இலங்கை மலைநாட்டில் ஹப்புத்தளைப் பக்கம் ஓர் இரவு தங்கியவர்களுக்கு எங்கள் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் இரவெல்லாம் மலை உறுமிக்கொண்டே இருக்கும். கூரைத் தகரம் படபடக்கும். டர்பண்டைன் மரங்கள் வளைந்து வளைந்து நிமிரும். விடிந்து பார்த்தால் பாதையில் ஒரு கிளை கிடக்கும், கரண்ட்டும் போயிருக்கும். இன்னொரு கிளை எங்கேயோ மின்கம்பியில் விழுந்திருக்கும். அதைத் தேடிப்பிடித்து வெட்டி எடுக்க அரை நாள் ஆகும், சில நேரம் ஒன்றரை நாளும் ஆகும்.

கரண்ட்டைக் கொண்டுபோகிற காற்றே கரண்ட்டைத் தரட்டுமே என்ற எண்ணம் எனக்கு அப்படித்தான் வந்தது. நான் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மின்பகுதியில் வேலை செய்கிறேன். வீடு மலை முகட்டுக்கு வடக்கே சற்றுத் தாழ்வான சரிவில், ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு என்று அறிவித்தபோது மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மெழுகுவர்த்தி விலையும் மண்ணெண்ணெய் வரிசையும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 'வீட்டுக் காற்றாலை, 12 வோல்ட், 1000 வாட்' என்ற விளம்பரங்களை நான் நின்று பார்க்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

உடனே வாங்கவில்லை. ஸ்டோரில் கற்ற ஒரு விஷயம் கையைப் பிடித்து நிறுத்தியது. கொழுந்து வாட்டும் விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 0.8 × 0.8 × 0.8 போட்டுப் பாருங்கள், 0.51 வரும். காற்றைத் தள்ளுவதற்கான சக்தி வேகத்தின் கனத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. காற்றிலிருந்து சக்தியை எடுக்கும்போதும் இதே விதிதான். வேகம் பாதியானால் கிடைப்பது பாதியல்ல, எட்டில் ஒரு பங்கு. அப்படியென்றால் 'எங்கள் ஊரில் நல்ல காற்று' என்று வாயால் சொல்வது போதாது, செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று தெரிய வேண்டும். காதுக்குக் கேட்கும் உறுமல் மலை முகட்டில் இருக்கிற காற்றுடையது. என் வீட்டு வாசலில் இருக்கிற காற்று எவ்வளவு?

பெட்டியில் எழுதியிருந்த 1000 வாட்

வெலிமடையில் மரக்கறித் தோட்டம் செய்யும் நண்பர் ஒருவர் இப்படி ஒன்றை வாங்கி, இரண்டு மாதம் ஓட்டி, சத்தம் வருகிறது என்று கழற்றி வைத்திருந்தார். அதைப் பார்க்கப் போனேன். ஐந்து இறக்கை. ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்கு அளந்தால் 1.2 மீற்றர். பெட்டியில் 1000 வாட், செக்கனுக்கு 13 மீற்றர் காற்றில் என்று போட்டிருந்தது.

இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பு 1.13 சதுர மீற்றர். கடல்மட்டத்தில் ஒரு கன மீற்றர் காற்று 1.225 கிலோ எடை. நாங்கள் இருக்கும் 1,400 மீற்றர் உயரத்தில் அது ஏறத்தாழ 1 கிலோதான், அதாவது ஆறில் ஒரு பங்கு இங்கேயே போய்விட்டது. பரப்பையும் அடர்த்தியையும் 13இன் கனத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் அந்த வட்டத்துக்குள் நுழையும் காற்றில் இருக்கும் மொத்தச் சக்தியே சுமார் 1,240 வாட். காற்றை முழுவதும் நிறுத்திவிட முடியாது, நின்றுவிட்டால் பின்னால் வருகிற காற்று போக வழியில்லை. எவ்வளவு திறமையான இயந்திரமும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று 1919இலேயே ஜெர்மானியரான அல்பர்ட் பெட்ஸ் கணித்துக் காட்டிவிட்டார். அந்த எல்லையில் நின்றாலும் 735 வாட். சின்ன இயந்திரங்கள் நடைமுறையில் 20 முதல் 30 சதவீதம்தான் எடுக்கும். ஆக, மணிக்கு 47 கிலோமீற்றர் வேகக் காற்று அடித்தால் 250 முதல் 370 வாட் வரை எதிர்பார்க்கலாம். 3 மீற்றர் வேகத்தில்? 3 வாட். ஒரு சின்ன எல்ஈடி பல்புக்குக்கூடப் போதாது.

வாங்கப்போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியில் இருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள், இறக்கையின் விட்டத்தைப் பாருங்கள். விட்டம் சின்னதாக இருந்தால் எந்த எழுத்தும் அதைப் பெரிதாக்காது.

அளக்கத் தொடங்கியது

முதல் காற்று அளவி 2023 ஜூனில் செய்தேன். பிளாஸ்டிக் பந்து இரண்டைப் பாதியாக வெட்டி மூன்று கிண்ணங்கள், பழைய வீடியோ பிளேயரின் பெயரிங், ஒரு சின்னக் காந்தம், காந்தம் கிட்ட வந்தால் தானாக இணையும் ஒரு ரீட் சுவிட்ச். சுற்றுக்களை எண்ண ஒரு மலிவான கல்குலேட்டர். அதன் சமன் பொத்தானின் இரண்டு முனைகளிலும் ரீட் சுவிட்ச்சின் வயரை ஈயம் வைத்துப் பிடித்தேன். 1, கூட்டல், 1 என்று அழுத்தி விட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். காலை ஆறு மணிக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு அழித்துவிடுவேன்.

ஒரு சுற்று எத்தனை மீற்றர் காற்று என்று தெரிய வேண்டும். காற்றே இல்லாத ஒரு விடியற்காலையில் தியத்தலாவைப் பக்கம் கொஞ்சம் நேரான பாதையாகப் பார்த்து, மச்சான் மோட்டார் சைக்கிள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து தடியில் கட்டிய அளவியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். வேகத்தை போனின் ஜீபீஎஸ்ஸில் எடுத்தோம், வண்டியின் மீற்றர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்குச் சரியாக 10 மீற்றர். போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை என்று எடுத்துச் சராசரி பார்த்தால், தெரியாமல் வீசும் மெல்லிய காற்று கழிந்துவிடும். என் அளவிக்கு ஒரு சுற்று 1.4 மீற்றர் என்று வந்தது.

ஆறு மீற்றர் ஜீ.ஐ. பைப்பில் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். ஜூலை முழுவதும் எழுதினேன். சராசரி 3.3 மீற்றர். கூரை படபடக்கும் ஊருக்கு இது நம்ப முடியாத எண்.

இரண்டு தவறுகள் இருந்தன. ஒன்று, கல்குலேட்டரின் பொத்தான் மனித விரலுக்காகச் செய்தது. காற்று 10 மீற்றரில் அடிக்கும்போது செக்கனுக்கு ஏழு சுற்று. அந்த வேகத்தில் அது பாதியைத் தவறவிடுகிறது. பெரிய காற்றுத்தான் எண்ணப்படாமல் போகிறது, நமக்குத் தேவையும் அந்தப் பெரிய காற்றுத்தான். இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. சராசரியை வைத்துக்கொண்டு சக்தியைக் கணக்கிடவே கூடாது. அரை நாள் காற்றே இல்லை, அரை நாள் 6 மீற்றர் என்று வையுங்கள். சராசரி 3, அதன் கனம் 27. ஆனால் உண்மையில் அரை நாள் 216, அரை நாள் பூச்சியம், நடுவே எடுத்தால் 108. நான்கு மடங்கு வித்தியாசம். சாதாரணமாக ஏறி இறங்கும் காற்றுக்குச் சராசரியின் கனத்தை ஏறத்தாழ 1.9ஆல் பெருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. அதைவிட நல்லது, ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக எழுதி வைப்பது.

அதனால் செப்டெம்பரில் கல்குலேட்டரைக் கழற்றிவிட்டு, பதுளையில் வாங்கிய ஈஎஸ்பி32 என்ற ஒரு சின்னக் கணினிப் பலகையும் மெமரி கார்டும் போட்டேன். பத்து செக்கனுக்கு ஒரு தடவை வேகத்தை எழுதும். போன் சார்ஜரில் ஓடும், கரண்ட் போனால் பவர் பேங்க்கில். 2024 ஆகஸ்ட் வரை ஒரு முழு ஆண்டு எழுதியது. இடையில் ஒன்பது நாள் போயிற்று, மழைநீர் ரீட் சுவிட்ச்சுக்குள் இறங்கிவிட்டது. மெழுகு ஊற்றி அடைத்த பிறகு தொல்லையில்லை.

பட்டம் சொல்லிக்கொடுத்தது

இதற்கிடையில் மகன் பட்டம் விடப் பழகிக்கொண்டிருந்தான். வீட்டு வாசலில் நின்று விட்டால் ஏறாது. ஒரு சுழற்று சுழன்று தலைகீழாக வந்து விழும். "அப்பா, இங்க காத்து சரியில்ல, கோயில் மேட்டுக்குப் போவோம்" என்பான். அங்கே போனால் கையை விட்டதும் ஏறிவிடும்.

ஒரு நாள் அவனுடைய பட்டத்தின் நூலில் இரண்டு மீற்றருக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் ரிப்பன்களைக் கட்டினேன். வீட்டுப் பக்கமிருந்து மிகவும் பாடுபட்டு ஏற்றினோம். அன்றைக்கு எனக்குப் புரிந்தது இரண்டு மாத எண்களில் புரியாதது. கீழேயுள்ள ஆறேழு ரிப்பன்களும் ஒன்று கிழக்கே, ஒன்று மேலே, ஒன்று நூலைச் சுற்றிக்கொண்டு என்று திசைக்கு ஒன்றாக ஆடின. பதினான்கு மீற்றருக்கு மேலே இருந்தவை மட்டும் ஒரே பக்கமாக, பலகை போல விறைத்து நின்றன.

தென்மேற்கிலிருந்து வருகிற காற்று முகட்டில் ஏறி, அந்தப் பக்கம் தாண்டியதும் எங்கள் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. சரிவில் இருக்கிற எங்களுக்கு வருவது அது விட்டுச்சென்ற சுழல். அதோடு சவுக்கு மரங்கள், பக்கத்து வீட்டுக் கூரைகள். ஒரு தடைக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு மேலேயும், இருபது மடங்கு தூரத்துக்கும் காற்று கலங்கியிருக்கும். 10 மீற்றர் மரம் ஒன்று 200 மீற்றருக்குக் காற்றைக் கெடுத்துவிடும் என்பது கணக்கு. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் எதையும்விட இறக்கையின் கீழ்முனை 9 மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்று காற்றாலை வைப்பவர்கள் சொல்வது இதனால்தான். அப்படிப் பார்த்தால் எனக்கு 20 மீற்றர் கம்பம் வேண்டும். அதைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டக் கம்பத்தின் உயரத்தில் பாதித் தூரமாவது நாலு பக்கமும் இடம் வேண்டும். ஏழு பேர்ச்சஸ் என்றால் மொத்தமே 177 சதுர மீற்றர், அதில் வீடும் நிற்கிறது. பெரிய காணி வைத்திருப்பவர்களுக்கு எழுதப்பட்ட வழிமுறைகள் நமக்குப் பொருந்தாத இடம் இது.

கோயில் மேட்டில் 2023 டிசம்பரிலிருந்து இரண்டாவது அளவி ஒன்றை வைத்தேன். முகட்டில் சின்ன முனியாண்டி கோயில், சுற்றிலும் தேயிலை மட்டும்தான். தோட்டத் தலைவரிடம் கேட்டதற்கு, "சாமிக்கு மறைக்காம வச்சிக்க தம்பி" என்று சம்மதித்தார்.

ஓராண்டு முடிவில் வந்தவை இவை. வீட்டில் ஆண்டுச் சராசரி 2.6 மீற்றர். ஜூலையில் 3.9, ஏப்ரலில் 1.4. அந்த ஜூலையிலேயே பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம் 3 மீற்றருக்குக் கீழே இருந்தது. கோயில் மேட்டில் ஜூலையில் 7.4, நான் அளந்த மாதங்களை வைத்து ஆண்டுக்குச் சுமார் 4.5 என்று எடுத்துக்கொண்டேன். நடந்து போனால் ஆறு நிமிடம். வேகத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. சக்தியில் ஐந்து மடங்குக்கும் மேல்.

அங்கே வைத்து வீட்டுக்குக் கம்பி இழுக்கலாமே என்று மச்சான் கேட்டார். 350 மீற்றர் தூரம், போய் வர 700 மீற்றர் வயர். 4 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் 10 அம்பியர் அனுப்பினால் வழியிலேயே 32 வோல்ட் விழும். நாம் அனுப்புவதே 12 வோல்ட். அது அங்கேயே முடிந்தது.

நண்பரின் இயந்திரத்தைத் திருத்தி ஓட்டியது

கணக்கு ஒன்று, கண்ணால் காண்பது ஒன்று. 2024 ஜூலையில் வெலிமடை நண்பரின் இயந்திரத்தை வாங்கி வந்தேன். "ஓடினா நீங்களே வச்சுக்கங்க அண்ணே" என்று கொடுத்துவிட்டார்.

கையால் சுற்றினால் கரகரவென்று சத்தம். திறந்து பார்த்ததில் முன்பக்கப் பெயரிங்கில் துரு. முன் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் மழை உள்ளே போயிருக்கிறது. பெயரிங் இரண்டையும் மாற்றினேன். இயந்திரத்திலிருந்து வெளியே வரும் மூன்று வயரில் எந்த இரண்டை எடுத்தாலும் தடை சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடுதலாகக் காட்டியது, உள்ளே ஈயம் விட்டுப்போயிருந்தது. அதைப் பிடித்தேன். இறக்கைகளை ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். ஒன்றுக்கொன்று 11 கிராம் வரை வித்தியாசம். இலேசானவற்றின் அடிப்பகுதியில் சின்னத் தகடு வைத்து நுனியின் இழுப்புச் சமப்படும்வரை சரிசெய்தேன். நண்பர் சொன்ன சத்தத்தில் பாதி இந்தச் சமமின்மையால்தான் வந்தது.

கம்பம் 9 மீற்றர், இரண்டு அங்குல ஜீ.ஐ. பைப், நாலு பக்கம் ஸ்டே கம்பி. ஒரு முளை பக்கத்து வீட்டு வேலிக்குள் போக வேண்டியிருந்தது, பெரியம்மாவிடம் கேட்டுத்தான் அடித்தேன். முதல் நாள் கம்பத்தை ஆடாமல் இருக்கட்டும் என்று சுவரோடு ஒரு பட்டியால் பிடித்திருந்தேன். அந்த இரவு வீடே ஒரு மத்தளம் போல அதிர்ந்தது. அம்மா விடியும்வரை உறங்கவில்லை. காலையில் முதல் வேலையாகப் பட்டியைக் கழற்றினேன். தயவுசெய்து யாரும் காற்றாலையை வீட்டுச் சுவரிலோ கூரையிலோ பொருத்தாதீர்கள். அதிர்வு தகரத்துக்கும் ஆணிக்கும் கூடாது, உறங்கும் மனிதருக்கும் கூடாது.

பதினோராம் நாள் நடந்தது இன்னும் முக்கியம். இரவு ஒன்றரை மணிக்குப் பெட்டரி நிறைந்துவிட்டது. பெட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்ட்ரோலர் தொடர்பைத் துண்டித்தது. சூரியத் தகட்டுக்கு அது சரி. காற்றாலைக்கு அது ஆபத்து. பாரம் இல்லாத இறக்கை, இறங்கும் பாதையில் கியர் கழன்ற லொறி போல. ஊளையிடுகிற சத்தம் கேட்டு ஓடிப்போய், காற்று கொஞ்சம் தணிந்த ஒரு கணம் பார்த்து மூன்று வயரையும் ஒன்றாக இணைக்கும் சுவிட்ச்சைப் போட்டேன். மெல்ல நின்றது. வேகம் உச்சத்தில் இருக்கும்போது போட்டிருந்தால் சுருள் கருகியிருக்கலாம். அடுத்த நாள் இரண்டு 55 வாட் வாகன முன்விளக்கு பல்புகளை வைத்து, பெட்டரி நிறைந்தால் மின்சாரம் அவற்றுக்குத் திரும்பும்படி ரிலே, அதாவது தானாக மாறும் சுவிட்ச், போட்டேன். கொன்ட்ரோலரோடு சேர்த்து விற்கவேண்டிய பொருள் இது. நண்பரின் பெட்டியில் அது இருக்கவில்லை.

41 நாட்கள் ஓடியது. மீற்றரில் மொத்தம் 11.3 அலகு (ஓர் அலகு 1,000 வாட்மணி). ஒரு நாளைக்கு 275 வாட்மணி. நான் கண்ட அதிகபட்சம் ஒரு வீச்சில் 126 வாட், அதுவும் நாலைந்து செக்கன். என் கணக்கு ஜூலைக்கு நாளொன்றுக்கு 300 என்று சொல்லியிருந்தது. சுழல் காற்றில் இயந்திரம் திசை தேடித் தேடித் திரும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தால் இந்தக் குறைவு நியாயம்தான்.

ஆண்டு முழுவதுக்கும் பார்த்தால் வீட்டில் ஏறக்குறைய 30 அலகு கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு மாதம் 55 அலகு வேண்டும். ஓர் அலகை 50 ரூபா என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 1,500 ரூபா. இயந்திரம், பைப், ஸ்டே கம்பி, கொங்கிரீட், வயர், பெட்டரி எல்லாம் புதிதாக வாங்கினால் ஒன்றரை இலட்சத்தைத் தொடும். நூறு ஆண்டு.

அப்படியென்றால் என்ன செய்வது

பணம் மிச்சம் என்ற கணக்கை விட்டுவிடுவோம். எனக்கு வேண்டியது மின்வெட்டில் வெளிச்சம். மூன்று எல்ஈடி பல்பு, இரண்டு போன், ஒரு ரவுட்டர், நாலு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் 165 வாட்மணிதான். இதை எழுதி வைத்துப் பார்த்த இரவுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த அளவுக்கு எனக்கு மின் உற்பத்தியே தேவையில்லை. ஒரு நல்ல பெட்டரியும், கரண்ட் இருக்கும்போது அதை நிரப்பும் சார்ஜரும் போதும். மரம் விழுந்து இரண்டு மூன்று நாள் கரண்ட் வராத சமயங்களுக்கு மட்டும்தான் வேறு மூலம் வேண்டும்.

அந்தச் சமயங்களில் காற்றா சூரியனா என்பதற்கு மலைநாடு முழுவதுக்கும் ஒரே பதில் கிடையாது. காற்றும் வெயிலும் மாறி மாறி வரும், இரண்டையும் வைத்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும் என்று சொல்வார்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் அது ஓரளவு உண்மை. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் அங்கே மழையையும் மப்பையும் காற்றையும் சேர்த்தே கொண்டுவருகிறது. சூரியத் தகடு சோர்ந்திருக்கும் நாட்களில் காற்று இருக்கும். எங்கள் ஊவாப் பக்கத்தில் கதை வேறு. அதே காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு எங்களிடம் காய்ந்த கச்சானாக இறங்குகிறது. காற்று பலமாக இருக்கும் அதே ஜூலையில் எங்களுக்கு வானம் வெளிச்சம். மரம் விழுந்து கரண்ட் போகிற நாள் பெரும்பாலும் நல்ல வெயில் நாள். எங்களுக்குக் கஷ்டமான காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை, வடகீழ்ப் பருவத்து மழையும் மூடுபனியும். அப்போது வெயிலும் குறைவு, என் வீட்டு அளவியில் காற்றும் குறைவு. ஆக, எங்கள் சரிவில் சூரியன் சோர்ந்தால் காற்றாலை கைகொடுக்காது.

100 வாட் தகடு ஒன்று நாலு மணி நேர நல்ல வெயிலில், இழப்புகள் போக, 300 வாட்மணி தரும். அந்தக் காற்றாலை தன் மிகச் சிறந்த மாதத்தில் தந்ததைவிட அதிகம். அசையும் பாகம் இல்லை, சத்தம் இல்லை, பக்கத்து வேலிக்குள் முளை இல்லை.

2024 ஒக்டோபரில் 200 வாட் தகடு ஒன்றும் 12.8 வோல்ட், 100 அம்பியர்மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியும் வாங்கிப் பொருத்தினேன். டிசம்பர் மூடுபனியில் நாளொன்றுக்கு 150 வாட்மணிக்கு இறங்கியது உண்டு. ஜனவரி கடைசியில் 700ஐத் தாண்டியது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் கரண்ட் போனதே, அன்றைக்கு மகள் தன் பாடத்தை நிறுத்தவில்லை. அதற்கடுத்த நாட்களில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலைய இயந்திரங்கள் திரும்பச் சேரும்வரை ஒன்றரை மணி நேர மின்வெட்டு போட்டார்கள். வீட்டில் யாரும் மெழுகுவர்த்தியைத் தேடவில்லை.

ஓடை உள்ளவர்கள் காற்றையும் வெயிலையும் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். செக்கனுக்கு ஐந்து லீற்றர், பத்து மீற்றர் இறக்கம். அவ்வளவு இருந்தாலே, இயந்திரம் பாதியை வீணாக்கினாலும் 245 வாட், இரவு பகல் நிற்காமல். ஒரு நாளைக்கு ஆறு அலகுக்குக் கிட்ட. பழைய ஸ்டோர்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் காலத்து நீர்ச்சுழலிகள் இருந்தன. சில இடங்களில் அவற்றின் இரும்புக் குழாய்கள் இன்னும் புல்லுக்குள் கிடக்கின்றன. நம் ஆட்கள் சுமந்து ஏற்றிய குழாய்கள் அவை. அவற்றில் ஓடிய தண்ணீர் தந்த மின்சாரம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வர எத்தனை தலைமுறை ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கும்.

அம்பேவளையில் நிற்கும் பெரிய காற்றாலைகளைக் காட்டி, அங்கே ஓடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகிறது. திறந்த புல்வெளி, உயர்ந்த கம்பம், பெரிய இறக்கை, மூன்றும் அங்கே இருக்கின்றன. இலங்கையில் காற்று வளம் மிக்க இடங்களாக மன்னார்–கற்பிட்டிக் கரையோரத்தோடு மத்திய மலைநாட்டையும் 2003இல் வந்த காற்று வரைபடம் காட்டுகிறது. வரைபடம் பொய் சொல்லவில்லை. அது முகட்டைச் சொல்கிறது, நாம் சரிவில் குடியிருக்கிறோம். நீங்கள் முகட்டிலேயே குடியிருந்து, சுற்றிலும் மரமில்லாமல், ஆண்டுச் சராசரி 5 மீற்றருக்குக் கிட்ட வந்தால் என் பதில் உங்களுக்குப் பொருந்தாது. அளந்து பாருங்கள். அளவிக்கு எனக்குச் செலவானது 4,000 ரூபாவுக்கும் குறைவு.

கோயில் மேடு

இயந்திரம் சும்மா கிடந்தது. நண்பரிடம் கேட்டேன், கோயிலுக்கென்றால் சந்தோஷம் என்றார். கோயிலில் கரண்ட் கிடையாது. வேண்டியது மூன்று பல்பு மட்டும். வயர் 12 மீற்றர் போதும், நூறு மீற்றருக்குள் வீடு எதுவும் இல்லை, ஸ்டே கம்பிக்கு இடம் தாராளம்.

காற்று அடங்கியிருந்த மார்ச் மாதத்தில், பிற்பகல் இடி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே ஆறு பேர் சேர்ந்து கம்பத்தைத் தூக்கி நிறுத்தினோம். கம்பத்தின் அடியிலிருந்து செம்புக் கம்பி எடுத்து, மண்ணில் புதைத்த எர்த் கம்பியோடு இணைத்தேன். முகட்டில் தனியாக நிற்கும் இரும்புக்கு இடி விழாமல் இருக்காது. அடியில் கீல் வைத்திருக்கிறோம், வேண்டும்போது படுக்கவைத்துப் பெயரிங்கைப் பார்க்கலாம். முதல் இரண்டு மாதம் பெரிதாக ஒன்றும் இல்லை, பெட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிரப்பிக் கொடுத்தேன். ஜூனில் கச்சான் தொடங்கியது. அந்த மாதம் மீற்றரில் 38 அலகு, வீட்டில் ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டதைவிட அதிகம்.

மூன்று பல்புக்கு அவ்வளவு தேவையில்லை. நள்ளிரவுக்கு முன்பே பெட்டரி நிறைந்துவிடுகிறது, மிச்சம் அந்த இரண்டு முன்விளக்கு பல்புகளுக்குப் போகிறது. அவற்றைக் கோயிலுக்கு ஏறும் படிக்கட்டின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்.